வேகமான கையா? பெரிய மேடையா?

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களா? அப்படியானால் உங்களுக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது!

கம்ப்யூட்டரை முழுதாகவும் வாங்கலாம். பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்த்தும் உருவாக்கலாம். இதை 'அசெம்பிள்' செய்வது என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு. அங்கே பாகங்களின் பட்டியலை எழுதும்போது கடைக்காரர் கேட்பார்: "இந்தப் பணத்தில் இரண்டில் ஒன்றைத்தான் கூட்ட முடியும். வேகமான பிராசஸர் வேண்டுமா, அதிக மெமரி வேண்டுமா?"

வீட்டில் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன சொல்வீர்கள்?

சமையலறைக்கு வாருங்கள்!

பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்ச நேரம் சமையலறைக்குள் போவோம். அங்கே அம்மா சமைக்கிறார். அவருடைய கைதான் பிராசஸர். நறுக்குவது, வதக்குவது, கிளறுவது எல்லாம் அதன் வேலை.

அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மேடைதான் மெமரி. இதை 'ரேம்' என்றும் சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டிய காய், மசாலா டப்பா, பாத்திரம் மட்டும் அதில் இருக்கும். மேலே இருக்கும் பரண்தான் ஹார்ட் டிஸ்க். மற்ற சாமான்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும்.

சமையல் முடிந்ததும் மேடையைத் துடைத்துவிடுவோம் அல்லவா? அதேபோல, கம்ப்யூட்டரை அணைத்ததும் ரேமில் இருந்ததெல்லாம் மறைந்துவிடும். பரணில் வைத்தது மட்டும் அப்படியே இருக்கும். படம் வரைந்ததும் 'சேவ்' செய்யச் சொல்வது இதற்காகத்தான்!

மேடை ரொம்பச் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? சாம்பார் வைக்கும்போது ரசத்துக்கான சாமான்களைப் பரணில் ஏற்ற வேண்டும். மறுபடி ரசம் வைக்க ஏணி போட்டு இறக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்? பாதி நேரம் ஏணியிலேயே போய்விடும்!

3 கோடி துடிப்பு வீண்!

3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் கடிகாரம் ஒரு நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும். தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க, நொடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். நாம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் அதற்குள் பிராசஸரின் கடிகாரம் 3 கோடி முறை துடித்துவிடும்! இப்போது பரவலாக இருக்கும் எஸ்.எஸ்.டி. இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனாலும் ரேமோடு போட்டி போட அதனால் முடியாது.

நாளாக நாளாக மேடைக்கு வரும் சாமான்களும் அதிகமாகிக்கொண்டே இருக்கின்றன. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக் குறைந்தது 64 எம்.பி. மெமரி போதும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். 20 வருடத்தில் 64 மடங்கு!

அப்படியானால் எப்போதும் மெமரியையே கூட்டலாமா? கூடாது! மேடை ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், அதைக் கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிதாக்கினாலும் காய் சீக்கிரம் நறுக்கி முடியாது. அங்கே கையின் வேகம்தான் வேண்டும்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்!

நீங்கள் செய்யும் வேலைகளுக்கு எது குறைகிறது என்று ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் பழைய கம்ப்யூட்டர், மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் எதுவானாலும் சரி. பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வழக்கமாகப் பயன்படுத்தும் புரோகிராம்களை எல்லாம் திறந்து வையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'சி.பி.யூ.' என்பது பிராசஸர். அதற்கும் மெமரிக்கும் எதிரே சதவீதம் தெரியும்.

* மெமரி 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, பிராசஸர் சும்மா இருக்கிறது என்றால் மெமரிதான் குறைவு.

* மெமரி பாதி காலியாக இருக்கிறது, பிராசஸர் வெகுநேரம் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் பிராசஸர்தான் குறைவு. வீடியோ எடிட் செய்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள்.

* இரண்டுமே சும்மா இருந்தும் கம்ப்யூட்டர் நகர மறுக்கிறதா? பரணைச் சந்தேகப்படுங்கள்! பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வித்தியாசம் தெரியும்.

ஒரு ரகசியம்!

வீட்டுப்பாடம், இன்டர்நெட், படம் வரைவது இவற்றுக்கு 8 ஜி.பி. மெமரி பெரும்பாலும் போதும். பெரிய விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்றால் 16 ஜி.பி. நல்லது. முதலில் உங்கள் வேலைக்குப் போதுமான மெமரியை வாங்கிவிடுங்கள். மீதிப் பணத்தை நல்ல பிராசஸருக்குக் கொடுங்கள்.

ஏன் தெரியுமா? மதர்போர்டில் மெமரி செருகும் இடம் ஒன்று காலியாக இருந்தால், அடுத்த வருடம் பணம் சேர்த்து இன்னொன்றைச் செருகிவிடலாம். பிராசஸரை மாற்றுவது அத்தனை சுலபமல்ல. பழையதைக் கழற்ற வேண்டும். புதியது அதே மதர்போர்டில் பொருந்தவும் வேண்டும்.

மெமரி வாங்கும்போதும் கவனம் தேவை. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று வகைகள் உண்டு. ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று நுழையாது. இரண்டிலும் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும்! லேப்டாப் வாங்குபவர்களும் உஷார்! பல லேப்டாப்களில் மெமரியைப் பலகையோடு சேர்த்தே பற்ற வைத்திருப்பார்கள். பிறகு கூட்டவே முடியாது.

இப்போதே ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் வீட்டில் யார் யார் என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தங்கையை மறந்துவிடாதீர்கள்! கடைக்காரர் "எது வேண்டும்?" என்று கேட்டால் அந்தத் தாளை நீட்டுங்கள். "இந்த வேலைகளுக்கு எது குறையக் கூடாது?" என்று நீங்கள் அவரிடம் திருப்பிக் கேளுங்கள்!