நேரத்தைச் சுருக்கினால் கூட்டம் பெருகும்

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஞாயிறு முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என்று தமிழக அரசு அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று சென்னையின் கோயம்பேடு சந்தையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். அடுத்தடுத்த நாள்களில் வியாபாரிகள், சுமைதூக்கும் தொழிலாளர்கள் என்று கொரோனா தொற்று வரிசையாக வெளிப்பட, மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் எண்ணிக்கை சட்டென ஏறியது.

அந்தச் சனிக்கிழமை மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே அத்தியாவசியக் கடைகள் காலை 6 முதல் பகல் 1 மணி வரைதான் திறந்திருந்தன. மக்கள் வெளியே வருவதைக் குறைக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அரிசியும் பாலும் வாங்க வேண்டியவர்களின் எண்ணிக்கை குறையவில்லையே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்கு நாளொன்றுக்கு 700 பேர் வருகிறார்கள். கடை 14 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 50 பேர். 7 மணி நேரமாகக் குறைத்தால் மணிக்கு 100 பேர். கூட்டம் இரு மடங்கு, ஆபத்தும் இரு மடங்கு என்றுதான் தோன்றும். ஆனால் 50 பேரில் யாரோ இருவர் நெருங்க 1,225 வழிகள் உண்டு. 100 பேரில் 4,950. ஒரு மணி நேரத்துக்கு நான்கு மடங்கு! நேரம் பாதியானதால் நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தாலும் சந்திப்புகள் இரு மடங்காகின்றன. கிருமிக்கு வேண்டியது அந்தச் சந்திப்புதான்.

கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள் நினைவிருக்கும். வெயில் ஏறியதும் வட்டத்துக்குள் மஞ்சள் பையையோ செருப்பையோ வைத்துவிட்டு, ஆட்கள் எல்லாம் பக்கத்து மர நிழலில் நெருக்கியடித்து நின்றார்கள். இடைவெளி பைகளுக்குக் கிடைத்தது, மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று அன்று பலரும் திட்டினார்கள். ஏப்ரல் வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வைத்த ஏற்பாட்டைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

சரியாக நடந்தவையும் உண்டு. அதே ஏப்ரலில் ரேஷன் கடைகளில் நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்தார்கள். தன் முறை எப்போது என்று தெரிந்தவர் விடியற்காலையில் வந்து இடம் பிடிக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையங்களும் பள்ளி மைதானங்களும் காய்கறிச் சந்தைகளாயின. திருச்சி காந்தி மார்க்கெட் பொன்மலை ஜி கார்னருக்குப் போனது. கோயம்பேட்டின் காய்கறி மொத்த வியாபாரம் மே 10 முதல் திருமழிசைக்கும், பழ வியாபாரம் மாதவரத்துக்கும் மாறின. திருமழிசையில் மழை பெய்தால் சேறு, அழுகிய காய் என வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செப்டம்பர் 28 அன்றுதான் காய்கறி மொத்தக் கடைகள் கோயம்பேடு திரும்பின. கூட்டத்தைப் பிரித்ததன் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2021 மே மாத இரண்டாம் அலையில் பாடம் பாதி படிக்கப்பட்டிருந்தது. 24ஆம் தேதி தொடங்கிய தளர்வில்லா ஊரடங்குக்கு முன் இரண்டு நாள் இரவு 9 மணி வரை கடைகளைத் திறக்கவிட்டார்கள். கூட்டம் அப்போதும் மொய்த்தது. ஆனால் ஊரடங்கு தொடங்கியதும் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. சந்தைக்கு மக்கள் போவதைவிட மக்களிடம் சந்தை வருவது எவ்வளவோ மேல்.

தொற்றுக் காலத்தில் வீட்டிலும் இதே கணக்குத்தான். தினமும் ஒரு கட்டுக் கீரைக்காக வெளியே போகும் பழக்கத்தை வாரம் இரு முறையாக்கலாம். வீட்டுக்கு ஒருவர் போனால் போதும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கான மாத்திரையையும் போகிறவரே வாங்கி வரலாம். கூட்டம் கண்ணில் பட்டால் வரிசையில் சேராமல் திரும்பிவிட்டு, கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் போகலாம்.

அடுத்த தொற்று எப்போது வந்தாலும், ஆட்சியர்களிடமும் மாநகராட்சி ஆணையர்களிடமும் கேட்பது ஒன்றுதான்: கட்டுப்பாடு தேவையென்றால் கடைக்குள் எத்தனை பேர் என்பதைக் குறையுங்கள், கடை திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.