ரப்பர், கந்தகம், 300 கிலோமீட்டர் வேகம்

சிவகாசிப் பட்டாசு மருந்தில் வெடியுப்போடும் கரித்தூளோடும் சேரும் கந்தகம், பந்தயக் காரின் டயருக்குள்ளும் இருக்கிறது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தக அணுக்கள் ஆங்காங்கே பிணைத்துவிடுகின்றன. பிணைப்பு கூடினால் டயர் இறுகி நெடுநாள் உழைக்கும். குறைந்தால் தரையை நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தேயும்.

பட்டாசு ஆலையில் உராய்வும் சூடும் பகை. பந்தய அணிக்கோ இரண்டுமே வேண்டும், ஆனால் அளவோடு. ஃபார்முலா 1 டயர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில்தான் முழுப் பிடிப்பைத் தரும். சூடு போதாவிட்டால் ரப்பர் வழுக்கி, மேற்பரப்பு துணுக்குத் துணுக்காகப் பிய்யும். மிஞ்சினால் உள்ளே கொப்புளம் கிளம்பும். காற்றழுத்தம், சக்கரத்தின் சாய்மானம், ஸ்பிரிங்கின் விறைப்பு, இறக்கையின் கோணம் என்று பொறியாளர்கள் செட்டப்பை மாற்றிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்தத்தான்.

அந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயம் காட்டியது. அங்கே தடத்தின் 13-ஆவது வளைவு சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. சுமார் 300 கி.மீ. வேகத்தில் அதில் திரும்பும்போது காரின் பாரம் இடப்பக்க டயர்களை அழுத்தும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா காரில் இடது பின் டயர் சிதைந்து, கார் சுவரில் மோதியது. அந்த ஆண்டு விதிப்படி ஒரே செட் டயரில் பந்தயம் முழுவதையும் ஓட்டியாக வேண்டும். அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் தன் டயர்களில் ஓட்டுவது ஆபத்து என்று மிஷ்லின் நிறுவனமே அறிவித்தது. ஜூன் 19 அன்று மிஷ்லின் டயர் பூட்டிய 7 அணிகளின் 14 கார்கள், தொடக்கத்துக்கு முந்தைய சுற்றோடு ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டுமே ஓடின. அவற்றில் ஒன்று கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் ஜோர்டான். நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்ற அவர்தான் ஃபார்முலா 1-இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர்.

அதே நரேன் பிறகு எச்.ஆர்.டி. என்ற சிறிய அணிக்காக ஓட்டினார். 2011, 2012 இரு ஆண்டுகளிலும் மெல்போர்னில் அந்த அணியின் இரு கார்களும் தகுதிச் சுற்றில் மிக வேகமான நேரத்தின் 107 சதவீதம் என்ற வரம்புக்குள் வர முடியாமல் வெளியேறின. வசதி குறைந்த அணிகளின் துயரம் இதுதான்: காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைவு, அதனால் டயருக்குச் சூடு ஏறாது, சூடு ஏறாததால் பிடிப்பு இல்லை, பிடிப்பு இல்லாததால் வேகமும் இல்லை. ஓட்டுநரின் திறமையால் மட்டும் இந்தச் சுழலை உடைக்க முடியாது.

இந்த அறிவியல் பந்தயத் தடத்தோடு நின்றுவிடுவதில்லை. சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகச் சாத்தூருக்கு நாற்கர சாலையில் பறக்கும் காரிலும் இதே இயற்பியல்தான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக நெளிகிறது, நெளிவு சூடாகிறது, சூடு டயரின் அடுக்குகளைப் பிரிக்கிறது. பந்தய அணிக்கு எச்சரிக்க ஒரு பொறியாளர் படையே உண்டு. நமக்கு நாமேதான். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பாருங்கள். நிறுவனம் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். சில நிமிட வேலை, உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காக்கும்.