ஓடைப்பட்டி வானில் வெடித்த விண்மீன்களின் எச்சங்கள்

தேனி மாவட்டத்தில் விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை மட்டுமே வடக்கே அமைந்திருப்பதால், வடவானத்துக்கும் தென்வானத்துக்கும் உரிய விண்பொருள்கள் பலவும் அவ்வூரின் வானில் எழுகின்றன. சிட்னியில் ஒருபோதும் எழாத காசியோப்பியா ஏ என்னும் விண்மீன் எச்சமும், டெல்லியில் ஒருபோதும் எழாத பெரிய மகெல்லன் மேகமும் இங்கே அடிவானத்துக்கு மேலே வருகின்றன. 1054இல் சீன வானியலாளர்கள் குறித்துவைத்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலா, மார்கழித் தொடக்கத்து நள்ளிரவில் உச்சிவானுக்குச் சற்று வடக்கே நிற்கும்போது, 1987இல் மகெல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் எச்சம் தெற்கே 11 பாகை உயரத்தில் நிற்கிறது. இந்த எச்சங்களில் எதுவும் இன்று வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதோடு, இவை வெளியிடும் மிக முக்கியமான கதிர்கள் தரையையே எட்டுவதில்லை.

பெருவிண்மீன் ஒன்று தன் வாழ்நாளின் முடிவில் வெடித்துச் சிதறுவது சூப்பர்நோவா எனப்படும். அப்போது நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும் பொருள், சுற்றிலும் உள்ள மெல்லிய வாயுவில் மோதி அதிர்ச்சி அலையை எழுப்ப, அந்த அலை வாயுவைக் கோடிக்கணக்கான பாகைக்குச் சூடேற்ற, அவ்வளவு வெப்பமடைந்த வாயு எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. மருத்துவமனையில் உடலை ஊடுருவி எலும்பைக் காட்டும் இவ்வகைக் கதிரால் பூமியின் காற்றுமண்டலத்தின் முழுத் தடிமனையும் கடந்து வர இயலாது. ஆகவே 1899இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட வானாய்வகத்தைப் போல மலைமேல் கருவியை நிறுவுவதும் இதற்கு உதவாது, காற்றுக்கு வெளியேதான் செல்ல வேண்டும். அங்கும் சாதாரண ஆடி பயன்படாது, ஏனெனில் நேராக விழும் எக்ஸ் கதிரை ஆடி விழுங்கிவிடும். குளத்து நீரின்மேல் சாய்த்து எறிந்த சில்லு தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் படும் கதிர் மட்டுமே திரும்பும் என்பதால், இத்தொலைநோக்கிகளின் ஆடிகள் ஒன்றினுள் ஒன்று செருகிய குழல்களைப் போன்ற வடிவில் செய்யப்படுகின்றன.

அத்தகைய கருவிகளுள் தலையாயது, 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட சந்திரா. அதன் பெயருக்கு உரியவரான, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், அதாவது வெண்குறு விண்மீன், எவ்வளவு நிறை வரை நிலைத்திருக்கும் என்று கணக்கிடத் தொடங்கினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே அந்த வரம்பு. அதை எட்டிய இரும்புக் கருவம் நொறுங்கி விழுவதால் பெருவிண்மீன் வெடிக்கிறது, அதை நெருங்கும் வெண்குறு விண்மீன் முழுவதுமாகவே சிதறக்கூடும். 1935இல் வானியலாளர் எடிங்டன் இம்முடிவை வெளிப்படையாக மறுத்தார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெடித்த விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

சந்திராவின் முதல் அதிகாரபூர்வப் படம், 11,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள காசியோப்பியா ஏ. அதன் நடுவில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு புள்ளி, வெடித்த விண்மீனின் நொறுங்கிய கருவமாகக் கருதப்படுவது, அப்படத்தில் தெரிந்தது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழ்வதால், எந்தத் தனிமம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணிக்க முடிந்தது: இந்த ஓர் எச்சத்தில் மட்டும் பூமியின் நிறையைப்போல் ஏறத்தாழ 70,000 மடங்கு இரும்பும், 10 லட்சம் மடங்கு ஆக்சிஜனும் உள்ளன. விண்மீனின் ஆழத்தில் உருவான இரும்பு, சில பகுதிகளில் மேலடுக்குக்கு உரிய சிலிக்கானையும் தாண்டி வெளியே கிடப்பதைக் கண்டபோது, வெடிப்பு விண்மீனை உள்ளும் புறமுமாகப் புரட்டிப்போட்டது விளங்கிற்று. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு, சூரியன் பிறப்பதற்கு முன்பே இத்தகைய வெடிப்புகளில் உருவானது என்பது இதனால் வெறும் ஊகமாக நில்லாமல், கண்முன்னே நிகழும் ஒன்றாகிவிட்டது.

பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட ஆய்வகத்தால் தேனி மாவட்டத்தில் நன்கு அறிமுகமான சொல் நியூட்ரினோ, எதனோடும் எளிதில் மோதாமல் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்; விண்மீன் வெடிப்பைப் பற்றிய செய்தியை அதுவும் கொண்டுவருகிறது. 1987 பிப்ரவரி 23 அன்று, 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த இத்துகள்களில் ஏறத்தாழ இரண்டு டஜன், ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் கருவிகளில் பதிவாகி, மகெல்லன் மேகத்தில் ஒரு கருவம் நொறுங்கியதை உணர்த்தின. நொறுங்கிய கருவமாக அங்கே எஞ்சியிருக்க வேண்டிய நியூட்ரான் விண்மீனைத் தூசு மறைத்திருந்தது; ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிரில் நோக்கி, அவ்விண்மீனின் கதிர்வீச்சால் மின்னேற்றம் பெற்ற ஆர்கானின் தடயத்தைக் கண்டதாக 2024இல்தான் அறிவிக்கப்பட்டது.

இந்தியாவின் பங்கு இத்துறையில் தனித்தன்மை உடையது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், நண்டு நெபுலாவின் நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அதன் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருக்கும் அளவை, அளந்து, அது ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் மாறுவதைக் காட்டியது. அம்மாற்றம் அன்றிருந்த கோட்பாடுகளோடு எளிதில் பொருந்தவில்லை. முனைவாக்கத்துக்கென்றே 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் ஏவப்பட்டது. நான்கே நாட்களில் அதன் எக்ஸ்பெக்ட் கருவி, சந்திரா முதலில் நோக்கிய அதே காசியோப்பியா ஏவை நோக்கி, மக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் அடையாளங்களைப் பதிவு செய்தது.

இவ்விரு செயற்கைக்கோள்களும் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் செலுத்தப்பட்டவை. அப்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் ஓடைப்பட்டியின் தெற்கு வானைக் கடந்தே செல்ல வேண்டும்.