தகரத் தடுப்புக்கு அப்பால் ஹாட்ஸ்பாட்

கணியூரில் எங்கள் தையல் யூனிட்டுக்குத் திருப்பூரிலிருந்து வெட்டின பீஸ் வந்து இறங்கும். அளவு சார்ட்டும் சலானும் லேப்டாப்புக்கு வரும். லேப்டாப் இருப்பதோ பவர்டேபிள் வரிசைக்குப் பின்னால், தகர ஷீட் அடைத்த அறையில். “அக்கா, டவர் ஃபுல்லா இருக்குதுங்க, நெட்டுதான் வரமாட்டேங்குது” என்பார் செக்கிங் பார்க்கும் பெண்.

அவர் பார்ப்பது டவருக்கும் போனுக்கும் உள்ள சிக்னலை. ஹாட்ஸ்பாட் போட்டால் போனிலிருந்து லேப்டாப்புக்குப் போவது வைஃபை, அது தனி. அதனால் போனை லேப்டாப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்வேன். அப்போதும் இழுத்தால் கோளாறு டவர் பக்கம். நன்றாக ஓடினால், நடுவில் எதுவோ வைஃபையை மறிக்கிறது.

பெரும்பாலும் உலோகம்தான். தகரமும் இரும்பு பீரோவும் அலையைத் திருப்பி அடித்துவிடும். செங்கல் சுவர் ஓரளவு விடும். மனித உடம்பின் ஈரமும் அலையைக் குடிக்கும். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட் கொடுக்கக் கூடாது. கதவுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் பேண்டையும் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், தூரத்துக்கு 2.4தான். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ஆன் செய்தால் 2.4-க்கு வந்துவிடும்.

பவரைக் கூட்டித் தருகிறோம் என்று வரும் ஆப்களை நம்பாதீர்கள். போன் எவ்வளவு உரக்கப் பேசினாலும், லேப்டாப் திருப்பிச் சொல்வது போனுக்குக் கேட்க வேண்டுமே! நல்ல ஆன்டெனா இரண்டுக்கும் உதவும். 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதைச் செய்து காட்டினார்கள். கடையில் கிடைக்கும் வைஃபை கார்டுதான். அதன் மென்பொருளைத் தூரத்துக்கு ஏற்பத் திருத்தி, ஒரே திசை நோக்கும் ஆன்டெனாக்களை உயரத்தில் ஏற்றி, ஒன்றையொன்று பார்க்க வைத்தார்கள். 15 கிலோமீட்டர் வரை எட்டியது. சுற்றுவட்டாரக் கண் மையத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியிடம் தேனி டாக்டர் வீடியோவில் பேசினார். எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கும் சங்கதி அது.

போனில் அப்படி ஆன்டெனா மாட்ட வழியில்லை. வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதானால், சிக்னல் தெளிவாக இருக்கும் பாதி வழியில் மாட்டுங்கள். எட்டாத மூலையில் மாட்டினால் அதற்கே எதுவும் கேட்காது. மலிவான ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். ஒரே லேப்டாப்புக்கு என்றால் அந்தச் செலவும் வேண்டாம் என்பேன். டவர் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலில் போனை வைத்து, யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும். தகரத் தடுப்பில் ஒரு துளை போட்டு அப்படித்தான் இழுத்திருக்கிறோம்; போனுக்குச் சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கிறது.