மட்டாஞ்சேரியின் ‘ஏன்?’கள்

*கிளிப் இல்லாத கொடி, தானாக எழும் வலை, எரியும் மிளகு, இரவில் ஒளிரும் காயல், மழையில்லாத வெள்ளம். விஞ்ஞானம் பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை என்று காட்டும் ஒரு பழைய துறைமுகம்.*

காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் வழியில் உள்ள டோபி கானாவில் வெள்ளை வேட்டிகளும் ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் வரிசை வரிசையாக ஆடிக்கொண்டிருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் கேமராவோடு வந்து நிற்கிறார்கள். முதலில் அவர்கள் கண்ணில் படுவது துணிகளின் வெண்மை. பிறகுதான் இன்னொன்று உறைக்கிறது. கொடியில் ஒரு கிளிப்கூட இல்லை. கடல் காற்று இத்தனை வேகமாக அடித்தும் ஒரு துணியும் பறந்துபோகவில்லை. ஏன்?

விடை கயிற்றில் இருக்கிறது. இங்கே கொடி என்பது ஒற்றைக் கயிறு அல்ல. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கயிறுகள். முறுக்கைச் சற்று விலக்கி, துணியின் முனையை உள்ளே செருகி விட்டுவிடுகிறார்கள். ஈரத்துணியின் பாரம் கொடியை இழுக்க இழுக்க முறுக்கு இன்னும் இறுகுகிறது. தேங்காய் நாரின் சொரசொரப்பு உராய்வைக் கூட்டுகிறது. துணியைப் பறிக்க வரும் காற்றே பிடியை இறுக்கவும் உதவுகிறது. கிளிப் கிடையாது, ஆகவே துருக்கறையும் கிடையாது.

இதைச் செய்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்க அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள். தலைமுறைகள் பல கடந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். குளக்கரைகளில் சிதறிக் கிடந்த தொழில் 1970களில்தான் இந்த ஒரே வளாகத்துக்கு வந்தது. உராய்வு பற்றி அவர்கள் பாடம் எதுவும் படிக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

அதே கொடியில் இன்னொரு புதிரும் தொங்குகிறது. நனைந்த துணி ஏன் அடர்நிறமாகத் தெரிகிறது? தண்ணீருக்குத்தான் நிறமே இல்லையே! காய்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே பலமுறை சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைகிறது. ஒளி துணிக்குள் ஆழமாகப் போய் அங்கேயே மடிகிறது. திரும்பி வருவது குறைவு, அதனால் அடர்நிறம். மஞ்சளித்த வேட்டிக்கு நீலம் போடுவதிலும் இதே ஒளிக்கணக்குதான். மஞ்சளித்த துணி, தன் மேல் விழும் நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. நீலம் மற்ற நிறங்களில் கொஞ்சத்தை விழுங்கிக் கணக்கைச் சமப்படுத்துகிறது. அழுக்கு போகவில்லை, கண்தான் ஏமாறுகிறது.

கல் செய்யும் வேலை

அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் சீன வலைகள். சுமார் 10 மீட்டர் உயர மரச்சட்டம், அதன் முனையில் 20 மீட்டர் வரை விரியும் வலை. இவற்றைக் கொண்டுவந்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீன வணிகர்கள் என்கிறது செவிவழிக் கதை. மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வரும் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய சட்டத்தை எஞ்சின் இல்லாமல் ஐந்தாறு பேர் எப்படித் தூக்குகிறார்கள்?

பாதி விடை நம் ஊர் ஏற்றத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சால், மறுபக்கம் ஆள். இங்கே ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் கட்டிய கருங்கற்கள். ஏறத்தாழ எடை சமமாகிவிட்டால் மனிதர்கள் கொடுக்க வேண்டியது மிச்சத்தை மட்டும்தான். ஒருவர் முதன்மை மரத்தின் மேல் நடந்தாலே வலை சாயத் தொடங்கிவிடும்.

மீதிப் பாதிதான் சுவையானது. கற்கள் எல்லாம் ஒரே நீளக் கயிற்றில் கட்டப்படவில்லை. வலை தண்ணீருக்குள் இருக்கும்போது எல்லாக் கற்களும் அந்தரத்தில் தொங்கி முழு பாரத்தையும் கொடுக்கின்றன. வலையைத் தண்ணீரிலிருந்து பிய்த்தெடுக்க அது தேவை. வலை எழ எழ, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து அமர்கின்றன. தரையில் அமர்ந்த கல்லுக்கு இழுவை கிடையாது. ஆக, தேவைக்கேற்ப எதிர்ப்பாரம் படிப்படியாகத் தானே குறைகிறது. வலை எந்த உயரத்திலும் வெறியோடு துள்ளாமல், மெல்ல எழுந்து மெல்ல இறங்குகிறது. இன்றைய பொறியாளர்கள் தானியங்கிக் கட்டுப்பாடு என்று சொல்வதைக் கல்லும் கயிறும் செய்து முடித்துவிடுகின்றன.

மிளகு ஏன் எரிகிறது?

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவுக்குள் நுழைந்தால் கண்ணைவிட மூக்குக்குத்தான் முதலில் வேலை. 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்துக்குப் போகும் இந்தத் தெருவில்தான் பல பத்தாண்டுகள் மிளகின் முன்பேர வணிகம் வாயால் கூவியே நடந்தது. கூச்சல் கணிப்பொறிக்கு இடம்பெயர்ந்த பிறகும் மட்டாஞ்சேரியின் பெயரிலிருந்து மிளகு வாசனை போகவில்லை.

இங்கே ஒரு பழைய தேர்வு முறை உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி எடை போடுகிறார்கள். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. குறைந்தால் உள்ளே சதை பிடிக்காத பொக்கு மணிகள் அதிகம் என்று பொருள். மணியை உடைக்காமலே அதன் வயிற்றைப் பார்க்கும் வித்தை இது. வீட்டிலும் இதன் தம்பி ஒன்று உண்டு. சந்தேகமான மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மணிகள் அடியில் தங்கும். கலப்படத்துக்குச் சேர்த்த பப்பாளி விதைகள் மிதக்கும்.

கொடியில் பச்சையாக இருந்த மிளகு கருப்பானது எப்படி? நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுக்கிறதே, அதே கதைதான். தோலில் உள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. காயவைக்கும் முன் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்தால் எல்லா மணிகளும் ஒரே சீராகக் கறுக்கும். வெள்ளை மிளகு வேறு சாதி அல்ல. பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலை நீக்கியது, அவ்வளவே.

பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. நெருப்பே இல்லாத மிளகு நாக்கை ஏன் ‘சுடுகிறது’? மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை அடுத்த ஆண்டு கண்டுபிடித்தவரும் அவரே. ஆனால் அது எப்படி எரிகிறது என்று தெரிய இன்னும் பல தலைமுறைகள் ஆயின. 1997இல் அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு, நம் நரம்புகளில் சூட்டை உணர்ந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தந்தி அடிக்கும் புரதத்தை அடையாளம் கண்டது. மிளகாயின் காரம் அதைத்தான் தட்டுகிறது. மிளகும் அதே கதவைத் தட்டுகிறது. காரம் என்பது சுவை அல்ல. நரம்புக்கு வந்த பொய்ச் செய்தி. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. போர்ச்சுகீசியரோடு வந்த புதிய காய்க்கு ‘மிளகாய்’ என்று தமிழ் பெயர் வைத்ததில், ஒரே கதவைத்தான் இரண்டும் தட்டுகின்றன என்பதை நாக்கு முன்பே சொல்லிவிட்டது. காரம் ஏறினால் தண்ணீரைவிட மோர் கைகொடுப்பதற்கும் காரணம் உண்டு. பைப்பரின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஒளிரும் தண்ணீர், அழுகும் செடி

தெற்கே சில கிலோமீட்டரில் கும்பளங்கி. 2019இல் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் இந்த ஊரின் ‘கவரு’வை உலகறியச் செய்தது. கோடைக்கால இருட்டில் காயலில் துடுப்புப் போட்டால் நீலப் பொறி பறக்கிறது. கையை அளைந்தால் விரல்கள் ஒளிர்கின்றன. பேயும் இல்லை, பாஸ்பரசும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள், தண்ணீர் கலங்கும்போது தம் உடலிலுள்ள ஒரு வேதிப்பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து ஒளியாக்குகின்றன. மின்மினியின் தொழில்நுட்பம்தான். தம்மைத் தின்ன வருகிறவனை வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுக்கும் அபாயமணி இது என்பது விஞ்ஞானிகளின் விளக்கங்களில் ஒன்று.

கோடையில் மட்டும் ஏன்? அதற்கு உப்பைக் கேட்க வேண்டும். ஜூனில் பருவமழை தொடங்கியதும் ஆறுகளின் நன்னீர் வேம்பநாட்டுக் காயலில் புகுந்து கடல்நீரை வெளியே தள்ளுகிறது. அப்போது ஆகாயத் தாமரையின் ஆட்சி. காற்று நிரம்பிய தண்டுகளோடு மிதந்து வந்து படகையும் சீன வலையையும் அடைக்கிறது. மழை ஓய்ந்து உப்பு திரும்ப ஏறும்போது அந்தச் செடி அழுகுகிறது, கவரு ஒளிர்கிறது. ஒரே தண்ணீரில் இரண்டு காவலர்கள் முறை மாற்றிக்கொள்வது போல.

இந்த முறையில் மனிதன் கை வைத்ததும் உண்டு. குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க 1970களில் செயல்பாட்டுக்கு வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் மூடப்படுகிறது. நெல் பிழைத்தது. ஆனால் அணைக்குத் தெற்கே, உப்பு வந்து கொல்ல வேண்டிய ஆகாயத் தாமரையும் பிழைத்துக்கொண்டது. ஒரு கேள்விக்குக் கண்ட விடை இன்னொரு கேள்வியைப் பெற்றுப்போட்டது.

மழையில்லாத வெள்ளம்

இதுவரை சொன்னவை வியப்புக்கு. அடுத்தது வயிற்றெரிச்சலுக்கு. கொச்சியின் தாழ்வான பகுதிகளில், மழைக்காலம் முடிந்த பிறகு, மேகமே இல்லாத நாளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. சில மணி நேரத்தில் வடிந்தும் போகிறது. மலையாளத்தில் இதற்கு ‘வேலியேற்றம்’ என்று பெயர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும்போது ஓதம் உயர்கிறது.

கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நிலவும் புதிதல்ல. பிறகு இப்போது மட்டும் ஏன் வீட்டுக்குள் வருகிறது? கடல்மட்டம் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது. காயலில் வண்டல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் இன்னும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்ட தோடுகளும் சதுப்புகளும் மண்மேடாகிவிட்டன. போக இடமில்லாத தண்ணீர் படியேறுகிறது.

வந்த தண்ணீர் வடிந்தாலும் உப்பு வடிவதில்லை. சுவர், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உப்புநீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, நுண்துளைகளில் உப்பு படிகமாகிறது. படிகம் வளர வளரப் பூச்சை உள்ளிருந்தே பிளக்கிறது. வெள்ளைப் பொடி உதிர்கிறது. வீட்டுக்காரர் கடன் வாங்கி சிமெண்ட் பூசுகிறார். ஆனால் இறுகிய சிமெண்ட், ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுவதால் அது இன்னும் மேலே ஏறி அங்கே உதிர்க்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை மூச்சுவிட அனுமதிக்கும். உதிர்ந்தாலும் கல் தப்பும். இந்தக் காரணம் தெரியாததன் விலை ஆண்டுதோறும் ஒரு பூச்சு வேலை.

காரணம் தேடுவதைப் பிறருக்கு விட்டுவிடாதவர்களும் உண்டு. கும்பளங்கி, புத்தன்வேலிக்கரை போன்ற ஊர்களில் குடும்பப் பெண்களே தண்ணீர் ஏறிய நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. எந்த நாள், எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. துறைமுகத்தின் ஓத அட்டவணை துறைமுகத்துக்குப் பயன்படும்; சமையலறையில் எப்போது கணுக்கால் நனையும் என்பதை அந்த நாட்காட்டிதான் சொல்லும். அதிகாரிகளிடம் ‘எப்போதும் வருகிறது’ என்று முறையிடுவதும், தேதிவாரியாகக் கணக்கை நீட்டுவதும் ஒன்றல்ல.

அவசர விடையும் நிதான விடையும்

கேள்வி கேட்பது கேரளத்துக்குப் புதிதல்ல. 1962இல் கோழிக்கோட்டில் அறிவியல் எழுத்தாளர்கள் சிலர் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், தெருநாடகமாகவும் ‘யுரீகா’ என்ற சிறுவர் இதழாகவும் விஞ்ஞானத்தை வீதிக்குக் கொண்டுவந்தது. அதன் தொண்டர்கள் முன்னின்ற இயக்கத்தால்தான் 1990இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. 1996இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பரிஷத்தைத் தேடி வந்தது. தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ‘துளிர்’ இதழோடு அதே பாதையில் நடந்தது.

ஆனாலும் அவசர விடையின் கவர்ச்சி தனி. 2001 ஜூலையில் கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் சிவப்பு மழை பெய்தது. வால்நட்சத்திரத்திலிருந்து வந்த உயிரணுக்கள் என்ற கருத்து உலகச் செய்தியானது. திருவனந்தபுரம் புவியறிவியல் மையமும் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனமும் மழைநீரிலிருந்த துகள்களை வளர்த்துப் பார்த்தன. வளர்ந்தது, மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் ஒரு சாதாரணப் பாசி. பின்னாளில் நடந்த மரபணு ஆய்வும் அதையே சொன்னது. வால்நட்சத்திரம் பெற்ற தலைப்புச் செய்தியைப் பாசி பெறவில்லை.

டோபி கானாவில் மாலையாகிறது. காய்ந்த வேட்டிகள் முறுக்குக் கயிற்றிலிருந்து ஒரே இழுப்பில் விடுபட்டு வருகின்றன. வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் குறைவு. சீன வலைகளுக்கும் அதே நிலைமை: மரம் விலை ஏறிவிட்டது, மீன் குறைந்துவிட்டது. கயிற்றை முறுக்கவும் கல்லைக் கட்டவும் தெரிந்த கைகள் போவதற்குள், அவை அப்படி ஏன் செய்தன என்று யாராவது கேட்டுக் குறித்துவைத்தால் நல்லது. கும்பளங்கியின் பெண்கள் தண்ணீரைக் குறித்துவைப்பது போல.