விதைக்காத நெல்லுக்கும் மானியம்

அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறத்தாழ பாதி ஆர்கன்சா மாநிலத்தில் விளைகிறது. அம்மாநிலத்தின் கிழக்கே, மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் உள்ள பாயின்செட் கவுண்டி நெல் சாகுபடியில் முன்வரிசையில் நிற்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு. இங்குள்ள பண்ணைகளின் வரவுசெலவில் மத்திய அரசின் பயிர் மானியத்துக்குப் பல பத்தாண்டுகளாகவே இடம் உண்டு.

இந்த மானியத்துக்காக அரசு நெல்லைக் கொள்முதல் செய்வதில்லை. ஒவ்வொரு பயிருக்கும் சட்டம் ஒரு குறிப்பு விலையை வைத்திருக்கிறது. நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால், அந்த வித்தியாசத்தை அரசு கொடுக்கும். 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் நீள்மணி நெல்லுக்கு 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, 14 டாலர் என்று வைத்தது. சந்தை விலை 12 டாலர் என்று கொள்வோம். வித்தியாசம் 2 டாலர். ஏக்கருக்கு 6,000 பவுண்டு என்று விளைச்சல் பதிவான பண்ணையில் 100 ஏக்கர் இருந்தால், அதில் 85 சதவீதம், அதாவது 85 ஏக்கர், கணக்கில் வரும். மானியம் 10,200 டாலர். அறுவடை முடிந்து ஓராண்டு கழித்து, அக்டோபரில்தான் அந்தப் பணம் கைக்கு வரும்.

கணக்கில் வரும் ஏக்கர் இந்த ஆண்டு நெல் நட்ட ஏக்கர் அல்ல. அந்த நிலத்தில் முன்பு எந்தப் பயிர் எவ்வளவு இருந்தது என்ற பழைய பதிவே ‘அடிப்படை ஏக்கர்’. அதே வயலில் இப்போது சோயா நின்றாலும் நெல்லுக்கான மானியம் வரும். மானியத்துக்காகவே ஒரே பயிரை எல்லோரும் விதைத்து விலையைச் சரிக்கக் கூடாது என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் பணம் உழைப்பையோ தேவையையோ பார்க்காமல் நிலத்தின் அளவைப் பார்த்தே போகிறது.

பணக் குத்தகை நிலத்தில் மானியம் பயிரிடுபவருக்கே சேர வேண்டும். நடைமுறையில் நிலச் சொந்தக்காரர் குத்தகையை உயர்த்தினால் அதில் ஒரு பகுதி அவரிடமே திரும்பிவிடும். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. ஆனால் கூட்டுப் பண்ணையில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி வரம்பு. குடும்பப் பண்ணையில் இப்படிச் சேரக்கூடிய உறவுகளின் பட்டியலில், 2018ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தார் பிள்ளைகளையும், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளையும் சேர்த்தது. பெரிய பண்ணைகளுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

மானியம் யார் கைக்குப் போகிறது என்ற சண்டை இந்தக் கவுண்டிக்குப் புதிதல்ல. பருத்தி விலை படுத்துவிட்டதால், 1933இல் ரூஸ்வெல்ட் அரசு சாகுபடியைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்த ஆண்டு ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்தி, நின்ற நிலையிலேயே உழுது அழிக்கப்பட்டது. ஒப்பந்தம் நிலக்கிழாரோடு, பணமும் பெரும்பாலும் அவரிடமே தங்கியது. நிலப்பரப்பு குறைந்ததால் வாரத்துக்கு உழுத குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் பாயின்செட்டின் டைரான்சா ஊருக்கு அருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இனம் பிரித்துவைத்த அந்தக் காலத்தில் இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்ததே பெரிய துணிச்சல். அதை முன்னின்று நடத்தியவர்கள் மிட்செல், ஈஸ்ட் என்ற இருவர். மிட்செல் சலவைக்கடைக்காரர். ஈஸ்ட், அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். அந்தக் கட்டடங்களில் இன்று சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது.

மானியத் திட்டங்களின் உள்ளூர் நிர்வாகத்தை விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு கவனிக்கிறது. உள்ளூர்க்காரர் கையில் அதிகாரம் என்பது கேட்க நன்றாக இருந்தாலும், நாட்டின் பல இடங்களில் அந்தக் குழுக்கள் வெள்ளை நில உடைமையாளர் வசமே இருந்தன. கடனிலும் உதவித்தொகையிலும் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில், 1999இல் உடன்பாடு ஏற்பட்டு 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கப்பட்டது.

2025ஆம் ஆண்டுச் சட்டம் நீள்மணி நெல்லின் குறிப்பு விலையை 16.90 டாலராகவும், ஒருவருக்கான வரம்பை 1,55,000 டாலராகவும் உயர்த்தியிருக்கிறது. நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்கவும் இடமளிக்கிறது. 2019 முதல் 2023 வரை விதைத்த பரப்பை வைத்து அது கணக்கிடப்படும்.