வங்கியை விட்டு மண்ணை நாடியவர்

பிரான்சு தேசத்தின் மேற்கே, லுவார் நதி பாயும் பள்ளத்தாக்கிலே, சாவெனியேர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் செங்குத்தான சரிவொன்றில் கி. பி. 1130-ம் ஆண்டளவில் சிஸ்தேர்சியன் சபைத் துறவிகள் திராட்சைக் கொடிகளை நாட்டினர். "கூலே த செரான்" எனப் பெயர் பெற்ற அத்தோட்டம் ஏழு ஹெக்டேயர் பரப்புடையது. நமது கணக்கில் ஏறக்குறைய 17 ஏக்கர். யாழ்ப்பாணத்திலே பந்தலிட்டு வளர்க்கும் முந்திரிகையைக் கண்டு பழகியோருக்கு, இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் அந்நாட்டுக் கொடிகள் புதுமையாகவே தோன்றும்.

மதுவின் பெருமையை எடுத்தோதுவது எமது நோக்கமன்று. குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் பக்கத்தில் அது தகவுமன்று. ஆயினும், அம்மதுவை ஆக்கும் ஒருவர் தமது மண்ணை இழக்கும் நிலைக்கு வந்து, அதனை மீட்டுக்கொண்ட வரலாறு, தோட்டஞ் செய்யும் எவரும் அறியத்தக்கது.

நிக்கொலா ஜோலி 1945-ம் ஆண்டு பிறந்தவர். ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகம் பயின்று, மோர்கன் வங்கியில் உத்தியோகம் ஏற்று, நியூயோர்க்கிலும் இலண்டனிலும் பணியாற்றினார். 1962-ல் குடும்பத்தின் உடைமையான கூலே த செரானை அவருடைய தாயார் பழைய முறைப்படி பராமரித்து வந்தார். 1977-ல் ஜோலி வங்கியைத் துறந்து தோட்டத்தை ஏற்க வந்தார். கணக்கறிந்தவர் அன்றோ? விவசாய ஆலோசகர் ஒருவர் வந்து, களைநாசினி தெளித்தால் கூலி மிச்சமாகும் என்று கூறியபோது, அது நியாயமாகவே அவருக்குப் பட்டது. அவ்வாறே செய்தார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மண்ணின் நிறம் மாறிவிட்டதை அவர் கண்டார். செடிப்பேனைத் தின்று பயிரைக் காக்கும் சிறு பொறிவண்டுகளைக் காணவில்லை. கொடிகளிடையே திரிந்த கவுதாரிகளும் மறைந்துவிட்டன. ஏட்டில் கூலி மிச்சம், நிலத்திலோ வெறுமை!

இவ்விடத்தில் ஒன்றை விளக்குதல் வேண்டும. பிரான்சிலே சிறந்த திராட்சை மதுவுக்கு, அது விளைந்த இடத்தின் பெயரையே சட்டப்படி சூட்டுவர். 1935-ல் ஏற்பட்ட ஒழுங்கு இது. கூலே த செரான் என்னும் பெயர் அந்த ஒரு தோட்டத்துக்கே உரியது. மண்ணின் சுவையே பழத்தின் சுவை என்பது அதன் உட்கருத்து. மண்ணிலுள்ள உயிர்கள் மடிந்துபோனால் அந்தப் பெயரிலே என்ன எஞ்சும்? இரசாயனப் பசளையால் கொடி மண்ணின் மேற்பரப்பிலேயே உண்டு வாழப் பழகி, வேரை ஆழச் செலுத்த மறந்துவிடுகிறது என்பது ஜோலியின் வாதம். இழப்பது விளைச்சலையன்று, பெயரின் பொருளையே என்று அவர் கண்டார்.

அக்காலத்தில் தற்செயலாக ஒரு நூல் அவர் கைக்கு எட்டியது. பயோடைனமிக் என்னும் உயிர்ச்சக்திக் கமத்தைப் பற்றியது அது. ருடோல்ப் ஸ்ரைனர் என்னும் ஒஸ்திரிய ஞானி 1924-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், இன்று போலந்தைச் சேர்ந்த கோபர்விற்ஸ் என்னும் கிராமத்தில் கமக்காரருக்கு ஆற்றிய எட்டு விரிவுரைகளே இம்முறைக்கு வித்து. ஜோலி 1980-ல் ஒரு சிறு பகுதியில் பரீட்சித்து, 1984 அளவில் தோட்டம் முழுவதையும் இம்முறைக்கு மாற்றினார்.

முறை யாது? பசுவின் கொம்பிலே சாணத்தை அடைத்து இலையுதிர் காலத்தில் மண்ணிற் புதைப்பர்; வசந்தத்தில் அகழ்ந்தெடுப்பர். ஒரு பிடியளவான அதனை நீரில் இட்டு, ஒரு மணி நேரம் வலமும் இடமுமாக மாறிமாறிச் சுழலக் கலக்கி, மாலை வேளையில் நிலத்திலே தெளிப்பர். பளிங்குக்கல் தூளையும் கொம்பில் அடைத்து, கோடையிற் புதைத்து எடுத்து, காலையில் இலைகள்மீது தெளிப்பதுண்டு. சந்திரனின் நிலை பார்த்து வேலை செய்வதும் இம்முறையில் அடங்கும். சாணமும் நாள் பார்த்தலும் நமக்குப் புதியனவல்ல; கொம்புதான் நம்மையும் சற்றுத் திகைக்க வைக்கிறது!

விஞ்ஞானிகள் இதனை எவ்வாறு மதிக்கின்றனர்? சுவிற்சலாந்தில் 1978-ல் ஆரம்பித்த ஒப்பீட்டுப் பரீட்சையின் 21 ஆண்டுப் பலன்கள் 2002-ல் வெளியாயின. இரசாயனம் தவிர்த்த வயல்களில் விளைச்சல் நூற்றுக்கு 20 வீதம் குறைந்தது. ஆனால் மண்புழுக்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் பெருகின. கொம்புச் சாணத்துக்கெனத் தனிப்பலன் உண்டென்பதோ ஐயமற நிறுவப்படவில்லை. நஞ்சைத் தவிர்த்ததும், எருவிட்டதும், நிலத்தை நாள்தோறும் கூர்ந்து நோக்கியதுமே பெரும் பயனைத் தந்திருக்கும் என்பது எமது எண்ணம். ஜோலி இதனை ஒப்பமாட்டார்.

இம்முறையிலும் ஒரு குறையுண்டு. பூஞ்சண நோய்க்கு எதிராகச் செப்புக் கலவை தெளிப்பதை இத்தகைய தோட்டக்காரரும் முற்றாக விடமுடிவதில்லை. செப்பு மண்ணிலே தங்கிவிடும். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேற்படலாகாது என வரம்பிட்டது.

கூலே த செரானிலே அறுவடை ஒரே நாளில் முடிவதில்லை. பழுத்த குலைகளை மட்டும் தேர்ந்து, வாரக்கணக்கில் பலமுறை சென்று கையாற் கொய்கின்றனர். சாறு நொதிப்பதற்கு விலைக்கு வாங்கிய மதுவத்தைச் சேர்ப்பதில்லை. இயற்கையாய் அமைந்த மதுவமே போதும் என விட்டுவிடுகின்றனர். 2001-ல் ஜோலி, இதே வழியில் நிற்கும் உற்பத்தியாளரை ஒன்றுசேர்த்து ஒரு சங்கத்தையும் நிறுவினார். பின்னர் அவர் மகள் வெர்ஜினி தோட்டப் பொறுப்பை ஏற்றார். சரிவான இடங்களைக் குதிரை பூட்டி உழுகின்றனர். முன்னொரு காலம் களைநாசினி தெளித்த வரிசைகளிடையே இப்பொழுது சிறு செம்மறியாடுகள் புல் மேய்கின்றன.